உன் அப்பாவின் உள்ளங்கால்

எய்யா, அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "எம்மா, சட்டையில ஒரு நூல் பிரிஞ்சிருந்தாக்கூட தெரு முக்குல வரும்போதே கண்டுபிடிச்சிருவியே, வீட்டுக்குள்ள இருக்க மனுசனுக்குக் காலு புண்ணாகி அழுகுனது உன் கண்ணுல படலியா?" என்று கேட்டாய். பதில் இல்லாமல் வைக்கவில்லை. நம் வீட்டில் ஓர் அறையும் அடுப்படியும்தான் என்பது உனக்குத் தெரியும். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நீ பேசியது அவருக்கும் கேட்டது. நான் சொல்ல வேண்டியது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் எழுதுகிறேன். நான் எழுத உட்கார்ந்தால் நீளமாகப் போகும் என்று நீ பள்ளிக்கூடம் படிக்கும்போதே கேலி செய்வாய். உன் லீவு லெட்டரைக்கூட இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்து உன்னை வகுப்பில் தலைகுனிய வைத்தவள் நான். அந்தக் குணம் போகவில்லை. கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் படி.

இப்போது எழுதுவதற்கு அவசரமான காரணமும் ஒன்று உண்டு. ஆடி மாதம் லீவில் மருமகளையும் யாழினியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாய். அப்பா அதற்கு முன்னாலேயே இலத்தூரில் உன் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நிற்கிறார். நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போகும் வரை அங்கேதான் இருப்பாராம். "பிள்ள பயந்துரும் ஏளா. அது என் காலத் தேடி ஓடி வரும். நான் இங்கன இல்லன்னா ஒண்ணும் தெரியாது. தாத்தா லாரில லோடு ஏத்திட்டுப் போயிருக்காவன்னு சொல்லிரு" என்கிறார். கைப்பையில் வேட்டி, துண்டு, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். இவர் போய்விட்டால் யாழினி தாத்தாவைப் பார்க்காமலே போவாள். அடுத்த வருடம் இன்னும் கூச்சம் கூடும். அதற்கடுத்த வருடமும் போய்விடுவார். அப்படியே பழகிப்போகும். எனக்கு இருக்கிற பயம் அதுதான். கால் போனதைவிட அதுதான் பயம்.

உன் அப்பாவின் உள்ளங்கால் எப்படிப்பட்டது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் புளியறை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டிவிட்டு வந்து படுத்தால் கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெருக்கும்போது என் சேலைத் தலைப்பு பட்டுவிட்டால் போதும், தூக்கத்திலேயே துள்ளி எழுந்து சிரிப்பார், பிறகு திட்டுவார். செருப்புக்கடையில் கடைக்காரர் காலைப் பிடித்து மாட்டிவிட வந்தால் "அண்ணாச்சி, தொடாதீக, நானே போட்டுக்கிடுதேன்" என்று இரண்டடி பின்னால் போவார். குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் சூழ்ந்துகொண்டு கூப்பிடுவார்கள் இல்லையா, அவர்களைக் கண்டால் உன் அப்பா வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். கூட வேலை பார்த்த டிரைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அவரைப் படாதபாடு படுத்தியிருக்கிறார்கள். உன் அப்பா கிளச்சையும் பிரேக்கையும் செருப்பில்லாமல் வெறுங்காலில் மிதித்துத்தான் ஓட்டுவார். "செருப்புப் போட்டா வண்டி என்ன சொல்லுதுன்னு தெரியாது" என்பார். அவ்வளவு உணர்ச்சி இருந்த கால் அது.

கிச்சு கிச்சு மூட்டினால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் அது பிடிக்கும் என்று நாம் முடிவு செய்துகொள்கிறோம். அது சரியில்லை என்று எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தது. ரவிக்கைக்கு அளவெடுக்க டேப்பை அக்குளுக்குள் கொண்டுபோகும்போது ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி நிற்பாள். சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மின்விசிறியையே பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் டேப்பு கிட்டே வரும்போதே, தொடும் முன்னாலேயே, வளைந்து சிரிப்பார்கள். துணைக்கு வந்தவள் அவளைவிட அதிகமாகச் சிரிப்பாள். ஓர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தவுடனே கோபமும் வந்துவிடும். "குடுங்க, நானே எடுத்துத் தாரேன்" என்று டேப்பைப் பிடுங்கிக்கொள்வார். கல்யாணத்துக்கு அளவு கொடுக்க வந்து, தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிள்ளை ஒருத்தி, ஒரு வருடம் கழித்து மறுபடி வந்தாள். டேப்பை வைத்தேன். கம்பம் மாதிரி நின்றாள். "ஏட்டி, இப்பம் கூசலியா?" என்று கேட்டேன். "இப்பல்லாம் இல்லக்கா" என்றாள். அவளைப் பார்த்துக் கேட்க வேறு ஏதோ இருந்தது. கேட்கத் தெரியவில்லை. அந்த ரவிக்கையைத் தைத்து முடிக்கும் வரைக்கும் அவள் நின்ற விதம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

நூலகத்தில் அறிவியல் புத்தகம் ஒன்றில் ஒருமுறை படித்தேன், நம்மை நாமே கிச்சு கிச்சு மூட்டிக்கொள்ள முடியாதாம். நம் கை எங்கே வரப்போகிறது என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடுமாம். வீட்டுக்கு வந்து என் உள்ளங்காலைப் பென்சிலால் கீறிப் பார்த்தேன். புத்தகம் சொன்னது சரிதான். உன் அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்ததும் வராததுமாக அவரிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு ஒரு புக்கு வேற போட்டிருக்கானா" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். குளித்து வந்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் காலைத் தானே ஒருமுறை சுரண்டிப் பார்த்துக்கொண்டார். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

நீ மறந்திருக்க மாட்டாய் என்று நினைக்கிற ஒன்றை இப்போது எழுதுகிறேன். இலத்தூர் அத்தை மகள் சடங்கு வீட்டில், நீ இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கும்போது, உன் சித்தப்பாமார் இரண்டு பேரும் உன்னைப் பந்தலுக்கு அடியில் ஜமுக்காளத்தில் படுக்கப் போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா உன் காலைப் பிடித்தார். மாற்றி மாற்றி மூட்டினார்கள். நீ விக்கல் எடுக்கச் சிரித்தாய். நடுநடுவே "விடுங்க" என்றாய். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். காபித் தட்டோடு நின்ற நானும் சிரித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் உன்னைக் காணவில்லை. தேடிப்போனால், வெளியே நின்ற அப்பாவின் லாரியில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, காலைச் சம்மணம் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாய். கதவைத் திறக்க வெகுநேரம் கெஞ்சினேன். திறந்ததும் நீ சொன்னாய்: "நான் சிரிக்கலம்மா. அது தானா வருது." நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதை அப்பாவிடம் சொன்னேன். "சிரிச்சாம்லா, நானே பாத்தேனே" என்றார் முதலில். அதற்குப்பிறகு அவர் உன்னை அப்படிச் செய்யவே இல்லை. ஆனால் நீயும் அதற்குப்பிறகு அவரைத் தொட விடவில்லை. தோளில் கை போட்டால் நழுவிப் போவாய். சைக்கிளில் முன்னால் உட்காராமல் பின்னால் உட்காருவாய். பட்டாளத்துக்கு நீ ரயிலேறிய அன்று, பெட்டி வாசலில் நின்ற உனக்குக் கை நீட்டி, ஆபீசர் மாதிரிக் குலுக்கிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, "அவனக் கெட்டிப்பிடிச்சா அவனுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு தெரியல" என்றார். நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். இந்த மனிதருக்குத் தொடுவது என்றால் இப்படி ஒரு பயம் வந்துவிட்டதே என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பயத்தை எடுத்தவள் யாழினி. முதல் முறை நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து அப்பா படுத்திருந்தார். அவள் தவழ்ந்தும் நடந்தும் போய் அவர் கால் கட்டைவிரலைப் பிடித்தாள். பிறகு உள்ளங்காலில் ஒரு விரலை வைத்தாள். அப்பா துள்ளின துள்ளலில் செம்பு உருண்டு தண்ணீர் முழுக்கத் தரையில். பிள்ளை அழப்போகிறது என்று நான் ஓடி வந்தேன். அவள் கையைத் தட்டினாள். ஒரு பெரிய உருவத்தைத் தன் ஒரு விரல் இவ்வளவு ஆட வைக்கும் என்று அவள் கண்டுபிடித்த நாள் அது. மறுபடி மூட்டினாள். அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை. தலையணையை வாயில் கடித்துக்கொண்டு பொறுத்தார், சிரித்தார். எவருக்கும் கொடுக்காத காலை அவளுக்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் போன பிறகு லாரி ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். "எம் பேத்தி ஒரு வெரலால என்னச் சாய்ச்சிருவா."

அதற்கடுத்த வருடம் நீங்கள் வருவதற்கு முன்னால் அவர் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார். "போதும் ஏளா, முட்டு வலிக்கி" என்றார். நான் நம்பினேன். சர்க்கரை இருப்பது தெரியும், மாத்திரை சாப்பிட்டார், அதனால் அது ஒரு பக்கம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். நீங்கள் வருகிறீர்கள் என்றதும் கட்டிலைத் திருப்பிப் போட்டார், கால்மாடு பீரோக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி. "காத்து இங்கன நல்லா வருது" என்றார். யாழினி வந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் காலுக்குத்தான் ஓடினாள். அவர் சிரித்தார். துள்ளினார். போன வருடம் போலவே இருந்தது. நீ கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் கொஞ்சம் பொறாமையும் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தன. எனக்கு அப்படித்தான் பட்டது.

அந்த லீவில்தான் எல்லாரும் குற்றாலம் போனோம், நினைவிருக்கிறதா? சாரல் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மெயின் அருவியில் கூட்டம். உன் வற்புறுத்தலில் அப்பா எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தார். நாம் எல்லாரும் வேடிக்கை பார்க்கத் தயாராக நின்றோம். அந்த ஆள் முதுகு, கை, தொடை எல்லாம் முடித்துவிட்டு, உள்ளங்காலைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தித் தேய்த்தார். அப்பா மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சிக்குக் கூச்சமே கிடையாது போல. இப்படி ஆளு கெடைச்சா எங்களுக்கு வேல சுளுவு" என்றார் அவர். "எங்க அப்பாவா? தொட்டாத் துள்ளுவாவ" என்றாய் நீ. அப்பா, "வயசாகுதுல்லா, இனி என்ன கூச்சம்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டு அருவிக்குப் போனோம். நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பார்க்கிறது வேறு, தெரிந்துகொள்வது வேறு என்று எனக்கும் இப்போதுதான் புரிகிறது. காலையில் பேத்தியின் விரலுக்குத் துள்ளிய கால், மத்தியானம் ஒரு ஆளின் இரண்டு கட்டைவிரலுக்கும் அசையவில்லை. இதை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிறகு இந்தப் பங்குனி உத்திரம். பண்பொழி மலைக்கு எப்போதும் போல் படி வழியாக ஏறுவோம் என்றார். ஆட்டோவுக்குக் காத்துக் காத்து, அடிவாரத்துக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. செருப்பை விட்டுவிட்டுப் படியில் கால் வைத்தால் தோசைக்கல் போல இருந்தது. எல்லாரும் நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்து ஓடினோம். குதித்தோம். பிள்ளைகளைத் தோளில் தூக்கினார்கள். நான் துண்டை நனைத்துப் போட்டு அதன் மேல் நின்று நின்று ஏறினேன். உன் அப்பா மட்டும் படியின் நடுவில், வெயிலுக்குள், அவசரமே இல்லாமல் நடந்தார். பின்னால் வந்த ஓர் அம்மா, "முருகன் அவியளத் தூக்கிட்டுல்லா போறான்" என்று சொல்லி, அவர் கால்பட்ட படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு பக்திமானுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோமே என்று பெருமையாக இருந்தது. சன்னதியில் நின்று நான் கும்பிட்டது முருகனை மட்டுமா என்று எனக்கே சந்தேகம். வேறு ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் அந்த மனிதரை நிறுத்தி, காலைத் திருப்பிப் பார்த்திருப்பார்களோ என்னவோ. நாங்கள் கும்பிட்டோம்.

மறுநாள் காலையில் தரையில் ஈரமான காலடிகள் கிடந்தன. குளித்துவிட்டு வந்தவர் என்று நினைத்துத் துடைத்தேன். துணி வழவழத்தது. காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்து உடைந்திருந்தன. "வலிக்கா?" என்றேன். "இல்ல" என்றார். வலிக்கவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. வலி இல்லாத புண் சின்னப் புண் என்று நினைத்தேன். சாமி பார்த்துக்கொண்டது என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெயும் விபூதியும் போட்டேன். இடது கால் ஆறியது. வலது கால் ஆறவில்லை. அவர் சாக்ஸ் போட்டுக்கொண்டார். நாற்றம் வந்த பிறகுதான் இங்கே தென்காசியில் டாக்டரிடம் போனோம். அவர் பார்த்த உடனே திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். என் கண்ணில் பட்டது. பட்டதை நான் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கையில் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை. அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். "தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க சார்" என்றார். அப்பா சொன்னார். "ம்." கொஞ்சம் விட்டு, "ம்." நல்ல பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் அந்த இழையைக் கவனித்தேன். அவர் தொடும்போது அப்பா பேசவில்லை. இழையைத் தூக்கிக் காற்றில் பிடித்திருக்கும்போது "ம்" என்றார். குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாழினி மூட்டியபோது சிரித்தாரே, போன மாசம்கூட வீடியோவில் காலைக் காட்டி, அவள் திரையில் விரலை ஆட்ட, இங்கே துள்ளினாரே என்றுதான் என் மனதில் ஓடியது.

ஆபரேஷனுக்கு முன்னால், வார்டில் கஞ்சி குடித்து முடித்த பிறகு, அவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "ஒரு வருசத்துக்கு மேலா இல்ல ஏளா. மொதல்ல விரலு, பெறவு பாதம். பிரேக்குல காலு இருக்கா இல்லியான்னு குனிஞ்சு பாக்க வேண்டி வந்துட்டு. அதான் வண்டிய விட்டேன்" என்றார். பிள்ளை மூட்டும்போது எப்படித் தெரிந்தது என்றேன். "கண்ணாடில அவ கையப் பாத்துக்கிடுவேன். கை கால்கிட்டப் போனதும் சிரிப்பேன்" என்றார். கட்டில் திரும்பியது காற்றுக்காக இல்லை. "யார்ட்டயாவது சொல்லிருக்கலாம்லா" என்றேன். "சொன்னா டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போவிய. கால்ல கட்டுப் போடுவாவ. தாத்தா கால்ல கை வைக்காதன்னு பிள்ளைட்டச் சொல்லுவிய. அது எங்கிட்ட வர்றதே அதுக்குத்தான்" என்றார். பிறகு, "அவன்ட்டச் சொல்லிராத. அவன் கோவப்படுவான். பிள்ளைக்கு எந்தக் காலத்துலயும் தெரியவே கூடாது" என்றார். இதை உன்னிடம் சொல்லி நான் அவர் பேச்சை மீறுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பு நடிப்பு என்று யாழினிக்குத் தெரியக்கூடாது என்பதில் நானும் அவர் பக்கம்தான். எவ்வளவு பெரியவளானாலும் சொல்லாதே.

காலை எடுத்த பிறகும் அவர் போனில் அவளிடம் பேசுகிறார். இடது காலைக் காட்டுகிறார். "அந்தக் கால் எங்க தாத்தா?" என்கிறாள். "தூங்குதுட்டி" என்கிறார். போனை வைத்ததும் வேட்டியை இழுத்து மூடிக்கொள்கிறார். இன்னொன்றும் நடக்கிறது. போன வாரம் ஒரு மத்தியானம் நான் பட்டன் துளைக்குக் காஜா தைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பினால் அவர் தனியாகச் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வழிகிறது. "வலது உள்ளங்கால்ல மூட்டுது" என்றார். அங்கே போர்வைதான் தட்டையாகக் கிடந்தது. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். சிலருக்கு அப்படி இருக்குமாம், எடுத்த கால் இருப்பது போலவே வலிக்குமாம், அரிக்குமாம், போகப் போகக் குறையுமாம். இருந்த வரைக்கும் ஒன்றும் சொல்லாத கால், இல்லாமல் போன பிறகு பேசுகிறது. எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். "சின்ன வெரலு மாதிரி இருக்கு" என்றார். ஊசியில் நூல் கோர்க்க அன்று எனக்கு வெகுநேரம் ஆனது.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். முதலாவது சின்னது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ யாழினியை மடியில் போட்டு மூட்டிக்கொண்டிருந்தாய். அவள் கலகலவென்று சிரித்தாள். நடுவில் "வேண்டாம்ப்பா" என்றாள். நீ நிறுத்தவில்லை, ஏனென்றால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்தும் இருக்கலாம். பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இன்னும் கேட்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. கையை எடுத்துவிடு. அவள் மறுபடி உன் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு. இழுக்காவிட்டால் விட்டுவிடு. சடங்கு வீட்டில் நாங்கள் யாராவது ஒரு நிமிடம் கையை எடுத்துப் பார்த்திருந்தால் போதும், நீ லாரிக்குள் போய் உட்கார்ந்திருக்க மாட்டாய்.

இரண்டாவது அப்பாவைப் பற்றியது. முதலில் நான் ஒரு யோசனை செய்தேன். நீ சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிடச் சொல்லலாம் என்று. இலத்தூருக்குப் போக நேரம் இருக்காது. பிள்ளை ஓடி வந்து ஏறிக்கொள்வாள். அவர் சிரிப்பார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாமும் சிரிப்போம். அத்தையிடம்கூட இதைப் போனில் சொன்னேன். "நல்ல யோசன மைனி. ஆம்பிளையள இப்படித்தான் மடக்கணும்" என்றாள். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே இருந்தேன். பிறகு எனக்கே கசந்தது. ஓட முடியாத ஒருவரைப் படுக்கையில் பிடித்து வைத்துக்கொண்டு சிரிக்க வைப்பதுதானே அதுவும். அதனால் வேண்டாம்.

நீ அவரிடம் கேள். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, என் மூலமாகக் கேட்காதே. நேராக அவர் போனுக்குப் பேசு. கால் போனது யாழினிக்குத் தெரிய வேண்டும், நாங்களே அவளிடம் பக்குவமாகச் சொல்லிக் கூட்டி வருகிறோம், அவள் கேட்டால் நீங்கள் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம், நாங்கள் வரும்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்களா என்று கேள். நீ அவரிடம் எதையும் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வேண்டாம் என்றால் அதற்கும் மரியாதை கொடு. ஆடிக்குப் பதில் தீபாவளிக்கு மறுபடி கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் இங்கே இருக்கும் நாட்களில் நான் இலத்தூருக்கும் தென்காசிக்கும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருப்பேன். அது ஒன்றும் எனக்குக் கஷ்டமில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். நீ அப்படிக் கேட்ட உடனே அவர் சிரிப்பார். "ஏலே, இதெல்லாமா கேப்பாவ, கோட்டிக்காரப் பயலே, வாங்கலே" என்று சொல்லுவார். அதைக் கேட்டதும் உனக்குச் சந்தோஷமாகிவிடும். சரிப்பா என்று வைத்துவிடத் தோன்றும். வைக்காதே எய்யா. அந்தச் சிரிப்பு தானாக வருவது, அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. சும்மா லைனில் இரு. அவர் சிரித்து முடித்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்து, பிறகு ஏதாவது சொல்லுவார். அது வரும் வரைக்கும் போனை வைத்துவிடாதே.